பதினேழாம் எண் பிளாட்பாரம்

சென்ற கோடை விடுமுறையில் நாங்கள் ஜெர்மனியின் தலைநகராகிய பெர்லினுக்குச் சென்று திரும்பிய செய்தியை அறிந்த சங்கத்து அன்பர்கள், "கண்டதை நம் இதழில் எழுதலாகாதா?" என்று கேட்ட வண்ணம் இருக்கின்றனர். ஆசிரியரும் இருமுறை நினைவூட்டிவிட்டார். அரண்மனைகள், பொருட்காட்சிச் சாலைகள், ஆற்றில் செல்லும் படகுகள் ஆகியவற்றின் வருணனையையே அன்பர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். அவற்றையும் கண்டோம், மகிழ்ந்தோம். ஆயினும், ஊர் திரும்பிச் சில மாதங்கள் ஆன பின்னரும் எங்கள் நெஞ்சை விட்டு அகலாதிருப்பது ஒரு சிறிய ரயில் நிலையமே. ரயில்வே குமாஸ்தாவின் குடும்பம் கடல் கடந்து போயும் ரயில் நிலையத்தைத்தானா பார்த்து வந்தது என்று நகைக்க வேண்டா. முழுவதும் படித்த பின் தீர்ப்புக் கூறுங்கள்.

டிக்கெட் கொடுக்கும் உத்தியோகத்தில் இருப்போர்க்கு ஐரோப்பிய யாத்திரை ஏது என்ற ஐயம் சிலர்க்கு எழலாம். எங்கள் மைத்துனர் பெர்லினில் கணிப்பொறிப் பொறியாளராக இருக்கிறார். அவர் மூன்றாண்டுகளாக விடாது அழைத்தார். வைப்பு நிதியில் சிறிது கடன் பெற்றோம்; வீட்டு அம்மையார் சீட்டுக் கட்டிச் சேர்த்ததும் துணை நின்றது. ஒன்பது வயது மகளுடன் மும்பையில் விமானம் ஏறி, பன்னிரண்டு நாட்கள் அந்நகரில் தங்கினோம்.

புறப்படும்போது ஜெர்மனியைப் பற்றி எங்கள் மனத்தில் இருந்த சித்திரம் யாது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். தமிழ் நாட்டாருக்கு அத்தேசத்தின் மீது ஒரு தனி மதிப்பு உண்டு. 1914 ஆம் ஆண்டு செப்டம்பரில் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசிச் சென்ற எம்டன் கப்பலின் பெயரையே, 'ஆள் பெரிய எம்டன்' என்று சாமர்த்தியசாலிகளுக்குச் சூட்டி மகிழ்ந்தவர்கள் நாம். செண்பகராமன் பிள்ளை பாரத விடுதலைக்காக உழைத்து 1934 இல் உயிர் நீத்த நகரமும் பெர்லினே. நேதாஜி துணை தேடிச் சென்றதும் அங்கேதான். பகைவனுக்குப் பகைவன் நமக்கு நண்பன் என்ற கணக்கில் நம் முன்னோர் சிலர் அத்தேசத்தைப் பார்த்தனர். அக்கணக்கின் மிச்சம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது.

எங்கள் வீட்டில் அது புத்தக வடிவில் இருந்தது. ரயில்வேயில் சேர்ந்த புதிதில், நடைபாதைக் கடை ஒன்றில் பேரம் பேசி வாங்கிய ஹிட்லரின் தன்வரலாறு, திருக்குறள் உரைக்கும் ஒரு பழைய பஞ்சாங்கத்துக்கும் இடையே பல ஆண்டுகள் வீற்றிருந்தது. வாங்கியதில் தீய எண்ணம் எதுவும் இல்லை. 'விழுந்து கிடந்த நாட்டைத் தூக்கி நிறுத்தியவன். கண்டிப்பானவன்' என்று பிறர் சொல்லக் கேட்டு வாங்கினோம். எங்கள் அலுவலகத்தில் கண்டிப்பு மிக்க மேலதிகாரி ஒருவர்க்கு 'ஹிட்லர்' என்பதே செல்லப் பெயர். அவர் ஓய்வு பெற்ற நாளில் மாலையிட்டு, அப்பெயரைச் சொல்லியே வாழ்த்தினோம். அவரும் சிரித்து ஏற்றுக்கொண்டார். அப்பெயரை எடைபோட்டுப் பார்க்கவேண்டும் என்ற எண்ணமே எங்களுக்குத் தோன்றியதில்லை.

பெர்லினில் ஐந்தாம் நாள் காலை மைத்துனர், "அத்தான், நீங்கள் ரயில்வேக்காரர். உங்களுக்கு ஒரு ஸ்டேஷனைக் காட்ட வேண்டும்" என்றார். எஸ்-7 என்ற நகர ரயிலில் ஏறினோம். மும்பையின் புறநகர் ரயிலில் தொங்கிப் பழகியவர்களுக்கு அவ்வண்டியில் உட்கார இடம் கிடைத்ததே பெரிய அதிசயம். நிலைய வாயிலில் தடுப்பு எதுவும் இல்லை. நம்பிக்கையின் பேரில் மக்கள் டிக்கெட் எடுக்கிறார்கள். பரிசோதகர் எப்போதாவது வருகிறார். ஆறு வயது நிரம்பாத குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. அதன்மேல் பதினான்கு வயது வரை சலுகைக் கட்டணம். எங்கள் மகளுக்குச் சலுகை டிக்கெட் எடுத்தோம். அதை அவள் கையிலேயே பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

நகரின் மேற்குப் புறத்தில், காட்டை ஒட்டிய க்ரூனவால்ட் என்னும் நிலையத்தில் இறங்கினோம். செல்வர்கள் வாழும் பகுதி அது. 1899 இல் கட்டிய நிலைய வாயில் ஒரு சிறு கோட்டை போல் தோன்றுகிறது. வாயிலுக்கு அருகே சரிவுப் பாதையை ஒட்டி ஒரு நீண்ட சிமெண்டுச் சுவர் உள்ளது. அதில் மனித உருவங்கள் நடந்து செல்வது போல் குழி குழியாகப் பதிந்துள்ளன. ஆட்கள் இல்லை, ஆட்கள் நின்ற இடம் மட்டும் இருக்கிறது. போலந்து நாட்டுச் சிற்பி கரோல் ப்ரோனியாடோவ்ஸ்கி 1991 இல் அமைத்தது அது. பின்னர்ச் சுரங்க வழியே நடந்து, 'பதினேழாம் தடம்' என்று அறிவிக்கும் பலகை காட்டிய படிகளில் ஏறினோம்.

மேலே ரயில் இல்லை, பயணிகள் இல்லை, தேநீர்க் கடை இல்லை. ஒரு நீண்ட தண்டவாளமும் அதன் இருமருங்கும் நடக்க இரும்பு பதித்த மேடையும் மட்டுமே உள்ளன. மேடையின் விளிம்பு நெடுக எழுத்துகள் வார்த்த எஃகுத் தகடுகள் வரிசையாக அமைந்திருக்கின்றன. தண்டவாளங்களுக்கு இடையே மரங்கள் முளைத்து வளர்ந்துவிட்டன. அவற்றை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். இந்தத் தடத்தில் இனி ஒரு வண்டியும் ஓடாது என்பதற்கு அம்மரங்களே அடையாளம்.

மொத்தம் 186 தகடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு தேதி, யூதர்கள் இத்தனை பேர் என்ற எண்ணிக்கை, புறப்பட்ட ஊர் பெர்லின், சேர்ந்த ஊர் இன்னது என்ற விவரம், அவ்வளவே. முதல் தகட்டின் தேதி 1941 அக்டோபர் 18. சேர்ந்த ஊர் போலந்திலுள்ள லோட்ஸ். அதன்பின் ரீகா, மின்ஸ்க், தெரேசியென்ஷ்டாட், ஆஷ்விட்ஸ் என்று ஊர்கள் தொடர்கின்றன. தொடக்கத்தில் வண்டிக்கு ஆயிரம் பேர். போகப் போக நூறு, ஐம்பது என்று எண்ணிக்கை தேய்கிறது. வண்டி குறைந்ததனால் அன்று. அனுப்புவதற்கு நகரில் யூதர்கள் குறைந்ததனால். கடைசித் தகடு 1945 மார்ச் மாதத்தது. ரஷ்யப் படை பெர்லினை நெருங்கிக்கொண்டிருந்தது. நாடே தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தது. அப்போதும் அந்த வண்டி புறப்பட்டிருக்கிறது.

தேதி, எண்ணிக்கை, புறப்படும் நிலையம், சேரும் நிலையம். எங்கள் அலுவலகப் பேரேட்டிலும் இந்த நான்கு கலங்கள்தாம். இருபத்தைந்து தகடுகளைக் கடக்கும் வரை, தொழிற் பழக்கத்தால் ஒரு பதிவேட்டைச் சரிபார்ப்பது போலவே பார்த்து வந்தோம். அதை உணர்ந்ததும் அங்கேயே நின்றுவிட்டோம்.

பெர்லினில் இருந்து இவ்வாறு கொண்டு செல்லப்பட்ட யூதர்கள் 50,000 பேருக்கு மேல். எல்லாரும் இந்த நிலையத்திலிருந்தே ஏறியவர்கள் அல்லர். மோபிட் சரக்கு நிலையத்திலும், அன்ஹால்ட்டர் என்ற பெரிய நிலையத்திலும் பலரை ஏற்றினார்கள். அன்ஹால்ட்டரில் 50 முதல் 100 முதியோரை மூன்றாம் வகுப்புப் பெட்டிகளில் ஏற்றி, வழக்கமாக ஓடும் பிரயாணிகள் ரயிலோடு இணைத்துவிடுவார்களாம். முன் பெட்டியில் ஒரு குடும்பம் உறவினர் வீட்டுக்குப் போயிருக்கும். பின் பெட்டியில் இவர்கள். புறப்படுமுன் ஒவ்வொருவரும் தம் உடைமைகளைப் பதினாறு பக்கப் படிவத்தில் நிரப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. நாற்காலி, போர்வை, கரண்டி எதுவும் விடுபடலாகாது. பின்னர் அவை யாவும் அரசுக்குச் சேர்ந்தன.

மைத்துனர் அங்கே ஒரு செய்தி சொன்னார். வியன்னாவில் பிறந்து, சிறுவனாக இருந்தபோதே தப்பி அமெரிக்கா சென்ற வரலாற்றாசிரியர் ரவுல் ஹில்பர்க் என்பார், ஜெர்மானிய ரயில்வேயின் பழைய காகிதங்களைத் தேடி ஆராய்ந்து எழுதியது அது. இந்த வண்டிகளை ரயில்வே இலவசமாக ஓட்டவில்லை. கிலோமீட்டருக்கு நான்கு பெனிக் என்று மூன்றாம் வகுப்புக் கட்டணம் கணக்கிட்டு, காவற்படையிடம் வசூலித்தது. நானூறு பேருக்கு மேற்பட்ட கூட்டமாயின் பாதிக் கட்டணம். பத்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரை டிக்கெட். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இலவசம். ஏற்றிச் சென்றவர்களுக்குப் போகும் கட்டணம் மட்டும். உடன் சென்ற காவலர்களுக்கோ திரும்பி வரும் கட்டணமும் உண்டு.

அரை டிக்கெட் என்று கேட்டதும் எங்கள் கண்கள் மகளின் கையிலிருந்த சீட்டின் மேல் சென்றன. நம் நாட்டிலும் ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்குக் கட்டணம் இல்லை. பன்னிரண்டு வயது வரை, தனிப் படுக்கை கேளாவிடில், அரைக் கட்டணம். நாளொன்றுக்கு எத்தனை முறை, "குழந்தைக்கு என்ன வயது?" என்று ஜன்னல் வழியே கேட்கிறோம்! குழந்தைகளின் மீதுள்ள பரிவினால் மனிதன் வகுத்த விதி அது. ஆஷ்விட்ஸுக்குச் சென்ற குழந்தைக்கும் அதே விதியை ஒருவர் தவறாமல் கடைப்பிடித்திருக்கிறார். வயது கேட்டு, பாதியாக வகுத்து, கூட்டி, கையெழுத்திட்டிருக்கிறார். கணக்கில் பிழை இருந்திருக்காது. மாலையில் வீடு சென்று தம் பிள்ளையோடு உணவு உண்டிருப்பார்.

மகள் மெல்லிய குரலில், "அப்பா, எங்கே போகிறோம் என்று தெரிந்தா இவர்கள் ஏறினார்கள்?" என்று கேட்டாள். "பலருக்குத் தெரியாதம்மா" என்றோம். "ரயில்காரர்களுக்குத் தெரியுமா?" என்பது அவளது அடுத்த கேள்வி. அதற்கு எங்களால் உடனே விடை கூற இயலவில்லை. வண்டி நிறைந்து போயிற்று; வெறுமையாகத் திரும்பிற்று; மீண்டும் நிறைந்து போயிற்று. ஐரோப்பா முழுவதிலுமிருந்து இவ்வாறு தண்டவாளத்தின் வழியே சென்றோர் ஏறத்தாழ முப்பது லட்சம் பேர் என்கிறார்கள். ரயில்வே உத்தியோகஸ்தர்களுக்கு இதைவிட வேறு என்ன தகவல் வேண்டும்?

இந்த நினைவிடத்தை அமைத்தது ஜெர்மனியின் இன்றைய ரயில்வே நிறுவனமே. 1998 ஜனவரி 27 இல் திறந்தார்கள். தம் துறையின் முன்னோர் செய்ததைத் தம் நிலையத்திலேயே இரும்பில் எழுதி வைத்தது பெரிய காரியம். போர் முடிந்து அரை நூற்றாண்டு கழித்தே அது நிகழ்ந்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

அங்கிருந்து அதே எஸ்-7 ரயிலில் இரண்டாவது நிறுத்தம் வான்சே. ஏரிக்கரை ஊர். கோடையில் பெர்லின் மக்கள் நீராடிக் களிக்கும் இடம். ஏரியைப் பார்த்த வண்ணம் ஓர் அழகிய மாளிகை உள்ளது. 1942 ஜனவரி 20 இல் பதினைந்து பெரிய உத்தியோகஸ்தர்கள் அங்கே கூடி, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். பேசிய பொருள், ஐரோப்பாவின் யூதர் அனைவரையும் ஒழிப்பதற்கு எந்த இலாகா என்ன வேலையைச் செய்வது என்பது. நாடு வாரியாக எண்ணிக்கை இட்ட பட்டியல் ஒன்றும் அக்கூட்டக் குறிப்பில் உண்டு. கூட்டுத்தொகை ஒரு கோடியே பத்து லட்சத்துக்கு மேல். அப்பதினைந்து பேரில் எண்மர் டாக்டர் பட்டம் பெற்றவர்கள். தந்தையார் காலமானதால் பத்தாவதோடு படிப்பை நிறுத்தி ரயில்வேயில் சேர்ந்த எங்களைப் போன்றோர்க்கு, படித்தவர்கள் என்றாலே ஒரு மயக்கம் உண்டு. அம்மயக்கம் அந்த ஏரிக்கரையில் தெளிந்தது. அந்த மாளிகை 1992 முதல் ஒரு நினைவு இல்லமாகவும் கல்விக்கூடமாகவும் விளங்குகிறது. பள்ளிப் பிள்ளைகள் கூட்டங்கூட்டமாக வந்து குறிப்பெடுப்பதைக் கண்டோம்.

வீடு திரும்பியதும் வீட்டு அம்மையார் ஒரு கேள்வி கேட்டார்: "பக்கத்து வீட்டுக்காரர்கள் எப்படிப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்?" இதற்கு விடை தேடி மறுநாள் ஷோனபெர்க் பகுதியிலுள்ள பவேரியக் குடியிருப்புக்குச் சென்றோம். வைத்தியர்களும் வழக்கறிஞர்களுமாக யூதர் பலர் வாழ்ந்த பகுதி அது. விஞ்ஞானி ஐன்ஸ்டீனும் 1932 வரை அங்கே குடியிருந்தார்.

இங்கே ஒன்று குறிப்பிட வேண்டும். ஜெர்மனியின் யூதர்கள் நேற்று வந்து குடியேறியவர்கள் அல்லர். பல நூற்றாண்டுகளாக அம்மொழி பேசி, அந்நாட்டையே தம் நாடாகக் கொண்டவர்கள். 1743 இல் பதினான்கு வயதுச் சிறுவனாகப் பெர்லினுக்கு வந்த மோசஸ் மெண்டல்சன் அந்நாட்டின் தலைசிறந்த தத்துவ அறிஞர்களுள் ஒருவரானார். 1914 முதல் 1918 வரை நடந்த போரில் ஏறத்தாழ ஒரு லட்சம் யூதர்கள் ஜெர்மனியின் படையில் சேர்ந்து போரிட்டனர். 12,000 பேர் உயிர் கொடுத்தனர். 1933 இல் நாட்டிலிருந்த யூதர் சுமார் ஐந்து லட்சம். நூற்றுக்கு ஒருவர் கூட இல்லை. அந்தச் சிறு கூட்டமே நாட்டின் துன்பத்துக்கெல்லாம் காரணம் என்று சொல்லி ஒருவன் ஆட்சியைப் பிடித்தான்.

பவேரியக் குடியிருப்பில் பிரம்மாண்டமான நினைவுச் சின்னம் எதுவும் இல்லை. தெரு விளக்குக் கம்பங்களில் எண்பது சிறு பலகைகள் தொங்குகின்றன. ரெனாட்டா ஷ்டீ, ஃப்ரீடர் ஷ்னோக் என்ற கலைஞர் இருவர் 1993 இல் அமைத்தவை. ஒரு பக்கம் ரொட்டி, பூனை, நாற்காலி என்று பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் வருவது போன்ற படம். மறுபக்கம் ஓர் அரசாங்க உத்தரவும் அதன் தேதியும். யூத வைத்தியர்கள் தொழில் செய்யலாகாது என்பது 1938 ஆம் ஆண்டு உத்தரவு. அதே ஆண்டில் நீச்சல் குளங்களுக்கும் தடை வந்தது. 1939 இல் வானொலிப் பெட்டியைப் பிடுங்கினார்கள். 1940 இல், மாலை நான்கு மணி முதல் ஐந்து மணி வரை மட்டுமே உணவுப் பண்டம் வாங்கலாம் என்றார்கள். 1941 இல் மஞ்சள் நட்சத்திரத்தை ஆடையில் தைத்துக்கொள்ளச் செய்தார்கள். 1942 இல் நாய் பூனை வளர்க்கலாகாது. பேருந்திலும் நகர ரயிலிலும் ஏறலாகாது.

பூனைப் படத்தின் கீழ் நின்ற மகளுக்குத்தான் விஷயம் முதலில் விளங்கிற்று. "ஒரே நாளில் செய்யவில்லை, இல்லையா அப்பா? கொஞ்சம் கொஞ்சமாக!" என்றாள். ஆம். ஒவ்வோர் உத்தரவும் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சிறியதாகவே தோன்றியிருக்கும். 'மாலையில் ஒரு மணி நேரமாவது கடைக்குப் போக விடுகிறார்களே' என்றுகூடச் சிலர் எண்ணியிருக்கலாம். ஒவ்வோர் உத்தரவுக்கும் ஒரு குமாஸ்தா தட்டச்சுச் செய்தார். ஒரு கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நடத்துனர் ஏறியவரை இறங்கச் சொன்னார். பெரிய அநீதிக்குப் பெரிய மனிதர்கள் மட்டும் போதா. சிறிய மேஜைகள் ஆயிரக்கணக்கில் வேண்டும்.

சிறிய மேஜையில் இருப்பவர் வேறு என்ன செய்ய முடியும் என்ற கேள்வி எழுமல்லவா? எங்களுக்கும் எழுந்தது. அதற்கு விடை ஓரானியன்பூர்கர் தெருவில் கிடைத்தது. பொன் வேய்ந்த கோபுரத்தோடு அங்கே ஒரு யூத தேவாலயம் உள்ளது. 1866 இல் திறந்தது. மூவாயிரம் பேருக்கு மேல் அமரக்கூடியது. 1938 நவம்பர் 9 ஆம் நாள் இரவு நாடெங்கும் யூதர் கோயில்களுக்குத் தீ வைத்தார்கள். கடைகளை நொறுக்கினார்கள்; ஏறத்தாழ 30,000 ஆண்களைப் பிடித்து முகாம்களில் அடைத்தார்கள். கோயில் எரிந்தால் எரியட்டும், பக்கத்துக் கட்டடத்துக்குத் தீ பரவாமல் மட்டும் பாருங்கள் என்பதே தீயணைப்புப் படைக்கு இட்ட கட்டளை. ஓரானியன்பூர்கர் தெருக் கோயிலிலும் தீ மூட்டினார்கள். அப்பகுதிக் காவல் நிலையத்தின் தலைவர் வில்லெல்ம் க்ரூட்ஸ்ஃபெல்ட். அந்த நிலையத்துப் போலீசார் துப்பாக்கியோடு வந்து, இக்கட்டடம் அரசின் பாதுகாப்புப் பெற்ற சின்னம் என்ற பழைய காகிதத்தைக் காட்டிக் கூட்டத்தை விரட்டித் தீயணைப்புப் படையை வரவழைத்தனர். தீ அணைந்தது.

அவர்கள் புரட்சி செய்யவில்லை, வேலையை விடவில்லை. விதிப் புத்தகத்தையே எடுத்துக் காட்டினார்கள். விதியைக் காட்டி ஒருவர் குழந்தைக்கு ஆஷ்விட்ஸுக்கு அரைக் கட்டணம் போட்டார். விதியைக் காட்டி மற்றொருவர் தீயை அணைத்தார். இருவரும் அரசாங்க உத்தியோகஸ்தர்களே. இந்த வேறுபாட்டை எங்கள் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் ஆயுள் முழுவதும் எண்ணிப் பார்க்கலாம். அக்கட்டடம் பின்னர் 1943 இல் நேச நாடுகளின் விமானக் குண்டினால் பெரிதும் சிதைந்தது. முன்பகுதியை மட்டும் செப்பனிட்டு 1995 இல் மீண்டும் திறந்தார்கள்.

இன்று அதன் வாயிலில் மறுபடியும் போலீசார் நிற்கிறார்கள். எங்கள் பைகளைச் சோதித்த பின்னரே உள்ளே விட்டார்கள். இத்தனை நினைவுச் சின்னங்கள் எழுப்பிய பின்னும் காவல் எதற்கு என்று மைத்துனரைக் கேட்டோம். அவர் சொன்னவை யாவும் செய்தித்தாள்களில் வந்தவை. 2019 அக்டோபர் 9 இல், யூதர்களின் மிகப் புனிதமான நோன்பு நாளன்று, ஹல்லே என்ற ஊரில் ஆயுதம் ஏந்திய ஒருவன் அவர்கள் கோயிலுக்குள் புக முயன்றான். கனத்த கதவு திறவாததால் உள்ளே இருந்தோர் பிழைத்தனர். வெளியே இருவரை அவன் சுட்டுக் கொன்றான். 2023 அக்டோபர் 18 இல் பெர்லினிலேயே ப்ரூன்னன் தெருவிலுள்ள யூதர் தொழுகை இல்லத்தின் மீது எரிபொருள் நிரப்பிய புட்டிகளை வீசினர். க்ரூனவால்டிலிருந்து முதல் வண்டி புறப்பட்டதும் ஓர் அக்டோபர் 18 ஆம் நாளிலேதான். நாட்காட்டி அறியாமலே செய்த நினைவூட்டல் போலும்!

இஸ்ரேல் அரசின் செயல்களைக் கண்டிப்போர் அந்நாட்டிலும் பலர் உளர், யூதர்களுள்ளும் உளர். ஓர் அரசின் செயலைக் கண்டிப்பது குடிமக்களின் உரிமை. அதற்காகப் பெர்லின் தெருவில் தலையில் சிறு குல்லாய் அணிந்து செல்லும் சிறுவனைத் தாக்குவது வேறு. அவனை அவனாகப் பாராமல் ஒரு கூட்டத்தின் சின்னமாகப் பார்ப்பதிலேதான் பழைய நோய் மறுபடியும் தொடங்குகிறது.

அதனால்தான் போலும், அவர்கள் நினைவை நகரின் நடுவே மட்டும் வைக்காமல் வீட்டு வாயிலிலும் வைக்கிறார்கள். நகரின் மையத்தில் 2,711 சிமெண்டுத் தூண்களோடு 2005 இல் திறந்த பெரிய நினைவிடம் ஒன்று உண்டு. ஆயினும் எங்களை நிறுத்தியது மைத்துனர் குடியிருக்கும் வீட்டு வாயிலிலேயே இருந்தது. நடைபாதைக் கற்களுக்கிடையே உள்ளங்கை அளவில் மூன்று பித்தளைத் தகடுகள். குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1992 இல் தொடங்கிய பணி அது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கற்களை ஐரோப்பா எங்கும் பதித்துவிட்டார்கள். 'இங்கே வாழ்ந்தார்' என்று தொடங்கி, பெயரும் பிறந்த ஆண்டும் கொண்டு சென்ற நாளும் முடிவும் பொறித்திருக்கும். படிக்க வேண்டுமாயின் குனிய வேண்டும். முதல் நான்கு நாட்கள் நாங்கள் அவற்றை மிதித்தே சென்றிருக்கிறோம். மகள் குனிந்து, இரண்டு ஆண்டுகளைக் கழித்துப் பார்த்து, "இவளுக்கு என் வயது" என்றாள். மற்ற நாட்களில் அவ்விடத்தைத் தாண்டியே சென்றாள்.

மும்பைக்குத் திரும்பிய பின் ஒரு செய்தி அறிந்தோம். 1930 களில் ஹிட்லருக்குத் தப்பி வந்த யூதர்கள் சிலர் நம் நகரிலும் அடைக்கலம் புகுந்திருக்கிறார்கள். வயிற்றுப் பிழைப்புக்காக நம் பாட்டனார்கள் ரயிலேறி வந்த அதே நகரத்துக்கு, உயிர் பிழைப்பதற்காக அவர்கள் கப்பலேறி வந்திருக்கிறார்கள். பெர்லினில் இசை பயின்ற வால்டர் காஃப்மான் என்ற யூதர் 1934 இல் மும்பைக்கு வந்தார்; வானொலி நிலையத்தில் பணி புரிந்தார். அகில இந்திய வானொலி காலையில் தொடங்கும்போது ஒலிக்கும் அந்த இசையை ஆக்கியவர் அவரே என்பர். நம் வீடுகளில் விடியற்காலையில் எத்தனை ஆண்டுகள் அதைக் கேட்டுக் கண் விழித்திருப்போம்!

அதே நகரத்தின் பக்கத்தில், நவி மும்பையில், 2006 இல் ஓர் உணவு விடுதி ஹிட்லரின் பெயரோடு திறக்கப்பட்டது. மும்பை யூதர்கள் எதிர்த்த பின் பெயரை மாற்றினார்கள். தீய எண்ணத்தால் வைத்த பெயராக இராது. எங்கள் அலுவலகத்துச் செல்லப் பெயர் போல, அறியாமையால் வைத்ததாகவே இருக்கும். ஆனால் அறியாமை என்பது எத்தனை நாளுக்குச் சமாதானம் ஆகும்?

இப்போது அலமாரிப் புத்தகத்துக்கு வருவோம். ஊர் வந்த அன்றே வீட்டு அம்மையார் அதை எடுத்துக் கையில் கொடுத்து, "இது இனி இங்கே வேண்டாம், எரித்துவிடுங்கள்" என்றார். மகள்தான் தடுத்தாள். பெர்லினில் பெபல் சதுக்கத்தில் நாங்கள் கண்டதை நினைவூட்டினாள். 1933 மே 10 இல் மாணவர்கள் அங்கே ஆயிரக்கணக்கான நூல்களை எரித்தார்கள். இன்று அவ்விடத்தில் தரையில் பதித்த கண்ணாடி வழியே பார்த்தால், கீழே ஒரு நூலும் இல்லாத வெள்ளை அலமாரிகள் தெரிகின்றன. "எரிப்பது அவர்கள் வேலை அம்மா" என்றாள் மகள்.

ஆகவே புத்தகம் எரியவில்லை. நாங்கள் ஒரு வெள்ளைத் தாளை வெட்டி, அதில் தெளிவான எழுத்தில், "1941 அக்டோபர் 18. பெர்லினிலிருந்து லோட்ஸ். முதல் வண்டி. குழந்தைகளுக்கு அரைக் கட்டணம்" என்று எழுதி அட்டையின் உட்புறத்தில் ஒட்டினோம். திருக்குறளின் பக்கத்திலிருந்து எடுத்து, கீழ்த் தட்டில் பழைய கணக்குப் புத்தகங்களோடு வைத்துவிட்டோம். மேலதிகாரிக்கு வைத்த செல்லப் பெயரையும் எங்கள் அலுவலக நண்பர்களிடையே நிறுத்தியிருக்கிறோம். அவர்கள் முதலில் சிரித்தார்கள். விவரம் சொன்ன பின் சிரிக்கவில்லை.

அன்பர்களே, நம் சங்கத்துப் பிள்ளைகள் பலர் இப்போது ஜெர்மனிக்குப் படிக்கவும் பணி புரியவும் செல்கிறார்கள். அவர்களைப் பார்க்க நீங்களும் போகக்கூடும். அப்போது பெர்லினில் எஸ்-7 ரயிலில் ஏறி, க்ரூனவால்டில் இறங்கி, பதினேழாம் எண் பிளாட்பாரத்துக்குச் சென்று வாருங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். இரவு பகல் எந்நேரமும் திறந்தே இருக்கிறது. பார்ப்பதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.